லைன் பார்க்க வந்தவர்

எங்கள் வீட்டில் ரைட்டர் என்றால் அது நான் இல்லை, என் கணவர். காப்பி எஸ்டேட்டில் வேலைக்கு வந்த ஆட்களின் பேரைப் பதிந்து, பழம் எடை போட்டு, உர மூட்டைக்குப் பொறுப்பாக இருப்பவருக்கு ரைட்டர் என்று பெயர். அதனால் நான் ரைட்டரம்மா. பத்திரிகையில் என் கட்டுரை ஒன்று வந்தபோது ஏற்காடு மலையில், எங்கள் கரடியூர் பக்கத்தில் எல்லோரும் அவரைத்தான் பாராட்டினார்கள். அவரும் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை காலை, மோடத்தில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்தது. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு எனக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பள்ளிப் பாடங்கள் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிப்பது. அதற்கென்றே பிறந்தவள் நீ என்று என் கணவர் சொல்வார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தக் கம்பெனியின் ஆபீசில் நிரந்தர இடம் ஒன்று காலியாகி, என்னைத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். கிடைத்தால் நான் கோயம்புத்தூர் போய்விடலாம். மகள் அங்கேதான் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரு சின்ன வீடாகப் பார்த்து அவளும் நானும் இருந்துகொள்ளலாம்.

எனக்கு மலையை விட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றுலா வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் புரியாது. "நீங்க குடுத்து வெச்சவங்க" என்பார்கள். பஜ்ஜி தின்பார்கள். சாயங்காலம் காரில் ஏறி இறங்கிவிடுவார்கள். துணி காயாத வீட்டில், அரிசியில் பூஞ்சை வாசம் அடிக்கும் மாதங்களில், பேசுவதற்கு ஆள் இல்லாமல் ஜன்னலில் வெள்ளையாக நிற்கும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டே வயதாவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும்?

என் கணவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ இறங்கியிருப்பேன். வேலை கிடைத்தால் போய் வா என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எங்கள் சர்ச் ஆட்களும் வேலைக்காகப் போகிறாள் என்றால் நாலு வார்த்தை விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சும்மா போக வேண்டும் போலிருக்கிறது, போகிறேன் என்றால் விட மாட்டார்கள். கூட்டமாக வீட்டுக்கு வந்து எங்கள் இருவருக்காகவும் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஆக, நான் வெளியேற இருந்த ஒரே வாசல் அந்த வேலை. அந்த வாசலுக்குப் போகிற வழி ஒரு கறுப்பு ஒயர். அந்த ஒயர் செத்துக் கிடந்தது.

தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, திரும்பச் செருகினேன். பிளக்கை மாற்றினேன். பின்பக்கம் ஊசி விட்டு அழுத்துகிற ஓட்டை ஒன்று இருக்கிறது, அதையும் அழுத்தினேன். அதற்குப் பிறகு வைஃபையின் பேரும் மறந்து, அந்தப் பெட்டி என்னையே யார் என்று கேட்டது. சிவப்பு விளக்கு மட்டும் அசையவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருக்கிறது. சமையலறை ஜன்னலோரம் முக்காலி போட்டு ஏறி நின்று, தலையைக் கம்பிக்கு அருகே வைத்தால் போனில் பேச மட்டும் டவர் கிடைக்கும். அப்படி நின்றுகொண்டு நெட் கம்பெனியைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன், புகாருக்கு மூன்றை அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசிக்க விட்டுவிட்டுப் போனது. கல்யாண நாதஸ்வரம். முக்காலி மேல் ஏறி நின்று அதைக் கேட்கும்போது, எனக்கே தெரியாமல் யாரோ எனக்கு மறுபடியும் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள் போலிருந்தது.

கடைசியில் ஒரு மனிதர் வந்தார். "மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். "இன்னொரு முறை பாருங்கள்" என்றார். இறங்கி, அணைத்துப் போட்டு, ஏறி நின்றபோது அழைப்பு துண்டாகியிருந்தது. மறுபடி ஒன்று, மறுபடி மூன்று, மறுபடி நாதஸ்வரம். இப்போது வேறொரு மனிதர். அவரும் அணைத்துப் போடச் சொன்னார். நான் முக்காலியை விட்டு இறங்காமலே "போட்டாச்சுங்க, சிவப்புதான்" என்று பொய்யும் மெய்யுமாகச் சொன்னேன். என்ன பிரச்சினை என்று எழுதிக்கொள்வது என்று கேட்டார். "லைன் செத்துப் போச்சுங்க. லைனைப் பாக்க ஆள் அனுப்புங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

இந்த ஒரு வார்த்தையில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்று மாலை மலைப்பாதையில் பாறை சரிந்து, அடிவாரத்தில் எல்லா பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் பக்கம் வந்து ஏற்காடு டவுனுக்குத் திரும்புவதும் சேலத்திலிருந்து ஏறுகிற அந்த ஒரே பஸ்தான். அது வரவில்லை என்றால் நாங்கள் எங்கேயும் போவதில்லை. குப்பனூர் வழியாக ஏறுகிற இன்னொரு பாதையில் மட்டும் சின்ன வண்டிகளை விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. நான் கூண்டில் போட்ட கோழி மாதிரி அறைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். சிவப்பு விளக்கைப் பார்ப்பேன், முக்காலியில் ஏறுவேன், நாதஸ்வரம் கேட்பேன், இறங்குவேன். மதியம் சாப்பிட வந்த என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வர்றப்ப வரும். ஜெபம் பண்ணிக்க" என்றார்.

"பண்ணிட்டுத்தாங்க இருக்கறேன். அதுக்கு மட்டுந்தான் டவர் வேண்டியதில்ல" என்றேன்.

"கோவிச்சுக்காத. நாளைக்குக் காலைல வேணா வண்டில டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க யார் ஊட்லயாவது உக்காந்து பேசிக்கலாம்."

நல்ல யோசனைதான். புதன்கிழமை காலை புடவை கட்டி, தலை வாரி, கிளம்பத் தயாராகவும் இருந்தேன். அப்போது பார்த்து, சமையலறை ஜன்னலில் வைத்திருந்த போனில் நெட் கம்பெனியின் ஆள் கூப்பிட்டார். "லைன்மேன் பேசறனுங்க. குப்பனூர் தாண்டிட்டனுங்க, காலைலயே வந்துருவனுங்க. ஊட்ல ஆளு இருக்கோணுமுங்க, இல்லீன்னா கம்ப்ளெய்ன்ட் க்ளோஸ் ஆயிருமுங்க."

போவதா, இருப்பதா? சொந்த வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரில், எல்லாக் கோப்புகளும் கைக்கெட்டும் இடத்தில் உட்கார்ந்து பேசினால் தைரியமாக இருக்கும் என்று தோன்றியது. இருந்துவிட்டேன். என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டின் மேல் பாகத்துக்கு, மரம் விழுந்த இடத்தைப் பார்க்கப் போய்விட்டார். போனால் சாயங்காலம்தான் வருவார், அந்தக் காட்டுக்குள் போனும் எடுக்காது.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. நடுநடுவே முக்காலியில் ஏறிக் கூப்பிட்டால் லைன்மேனின் போனுக்கு மணி போகவில்லை. பன்னிரண்டு தாண்டியதும் ஜன்னலில் இருந்த என் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

முக்காலியில் தாவி ஏறி லைன்மேனைக் கூப்பிட்டேன். அதிசயமாக எடுத்தார்.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"எறங்கிட்டு இருக்கறனுங்க. லைன் பாத்துட்டனுங்களே."

"எந்த லைனைப் பாத்தீங்க?"

"உங்க எஸ்டேட் லைன்தானுங்க. கேட்ல வாட்ச்மேன்கிட்ட, லைன் பாக்க வந்தனுங்க, எங்கீங்கன்னு கேட்டன். மேட்டுக்கு மேல ஏறுங்கன்னு கையக் காட்டுனாரு. போயி ஊடு ஊடா விசாரிச்சிட்டனுங்க. லைன்ல யாருக்குமே நெட் கனெக்‌ஷன் இல்லீங்க. டிவி டிஷ்தான் ரெண்டு திரும்பியிருந்துது, சரி பண்ணிக் குடுத்துட்டனுங்க. நொம்ப நல்ல சனமுங்க, டீயெல்லாம் குடுத்தாங்க."

எஸ்டேட்டில் லைன் என்றால் ஒயர் இல்லை. தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லைன் என்று பேர். வெள்ளைக்காரன் காலத்துப் பேச்சு. எங்கள் வாட்ச்மேனுக்கு இந்த உலகத்தில் வேறு லைன் கிடையாது. லைன் பார்க்க வந்தவரை லைனுக்கு அனுப்பினார். பிழை பிடித்துப் பிழைக்கிற நான், என் வாயால் சொன்ன வார்த்தையில் இருந்த பிழையைப் பிடிக்கவில்லை.

"திரும்பி வாங்க, எனக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ இருக்குது" என்றேன்.

"மூடுபனி எறங்கிருச்சுங்க, கண்ணு தெரியல. நாளைக்குக் காலைல மொத வேலையா வந்தர்றனுங்க" என்று வைத்துவிட்டார். நான் முக்காலியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் வருகிற அழுகை. இந்த மலை என்னைத் திட்டம் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது என்றே அப்போது நம்பினேன். பாறை அதன் ஆள், பஸ் அதன் ஆள், வாட்ச்மேன் அதன் ஆள்.

அழுது முடித்ததும் கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவரிலிருந்து கிளம்புகிற கறுப்பு ஒயரைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன். அது சில்வர் ஓக் மரங்களில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கட்டப்பட்டு, காப்பிச் செடிகளுக்கு மேலே போனது. நான் கீழே நனைந்த செடிகளுக்கு நடுவே போனேன். செருப்பில் சேறு அப்பியது. அட்டை ஏறியதா என்று குனிந்து பார்க்கவும் பொறுமை இல்லை. ஒயர் மேட்டில் ஏறியது. நானும் ஏறினேன். மேட்டுக்கு மேல் லைன்.

ரைட்டர் வீட்டுப் பெண்கள் லைனுக்குப் போவதில்லை. யாரும் போகக்கூடாது என்று சொன்னதில்லை. கல்யாணமாகி வந்ததும் மாமியார் போகவில்லை என்று பார்த்தேன், நானும் போகவில்லை. லைனிலிருந்து யாருக்காவது காய்ச்சல் மாத்திரை வேண்டுமென்றால் அவர்கள்தான் எங்கள் வாசலுக்கு வருவார்கள். அதனால் அந்த வரிசை வீடுகளை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

நடு வீட்டின் முன்னால் ஒயர் தாழ இறங்கியது. இரண்டு தூண்களுக்கு நடுவே, கைக்கெட்டும் உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு தூணிலும் நல்ல இறுக்கமான முடிச்சு. அதன் மேல் இரண்டு கம்பளி, ஒரு பாவாடை, பள்ளிச் சட்டைகள் எல்லாம் தொங்கின. அந்த லைன்மேன் இந்தத் துணிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் டீ குடித்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தார். எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர், என்னைவிட வயதில் கொஞ்சம் பெரியவர். என்னைப் பார்த்ததும் திகைத்துப் போய், "ஏனுங்க ரைட்டரம்மா, யாருக்கு என்னாச்சுங்க?" என்றார். சாவுச் செய்தி தவிர வேறு எதற்கும் நான் அங்கே வர மாட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

"இதை யாரு கட்டுனது?" என்றேன்.

"நானுதானுங்க. ஞாயித்துக்கெழமக் காத்துல கெளை விழுந்து, இது தரையில கெடந்துதுங்க. மழைக்குத் துணி போட எடமில்லீங்க. நல்ல கெட்டிக் கொடியா இருக்குதேன்னு எடுத்துக் கட்டுனனுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்புங்களா?" என்றார்.

இந்த ஒயருக்குள் கண்ணாடி இழைதான் இருக்கிறது, மடங்கினால் அதற்குள் வெளிச்சம் ஓடாது, நெட் வராது என்று நெட் மாட்டியபோது சொல்லியிருந்தார்கள். தூணைச் சுற்றி மூன்று மடக்கு. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த திட்டு. அந்தக் கம்பளிகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். துணி காயாத வீட்டில்தானே நானும் இருக்கிறேன்.

இருவரும் சேர்ந்து முடிச்சை அவிழ்த்தோம். மடங்கின இடத்தில் வெள்ளையாக வெடித்திருந்தது. அவிழ்த்ததால் பயன் இல்லை. மணி பார்க்கப் போனை எடுத்தேன். இரண்டரை. அதன் பக்கத்தில், நான் என் போனில் ஒருபோதும் பார்த்திராத அளவுக்கு டவர் கோடுகள் முழுதாக நின்றன. மேட்டின் அந்தப் பக்கம் நேரே சேலம் சமவெளி. எங்கள் பள்ளத்தில் கிடைக்காதது இங்கே மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஊட்ல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. கோழியை விரட்டினார், நாற்காலியைத் துடைத்தார், அரிசி மூட்டையைத் தள்ளி வைத்து ஒரு வெறும் சுவரை உண்டாக்கினார். என் தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார். பக்கத்து வீட்டு டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் உஷ் என்று அடக்கினார்.

மூன்று மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். தலைமையாக ஓர் அம்மா. போனை ஒரு எவர்சில்வர் குடத்தில் சாய்த்து வைத்து நான் பேசினேன். ஏன் போனில் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மறைக்கத் தோன்றவில்லை, நாதஸ்வரம், லைன், கம்பளி எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு ஒரு பக்கத்தைக் காட்டிப் பிழை திருத்தச் சொன்னார்கள். போன் திரையில் எழுத்து கடுகாகத் தெரிந்தது. அவர்கள் வேண்டுமென்றே வைத்த பிழைகளோடு, அவர்களே கவனிக்காமல் விட்ட ஒன்றையும் பிடித்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியைத் திரும்பப் படித்தார். கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மேட்டிலிருந்து இறங்கும்போது நான் பாடிக்கொண்டே வந்தேன். எந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று மனம் அடுக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் லைன்மேன் வந்தார். வெடித்த இடத்தை வெட்டி ஒட்டினார், நெட் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நைலான் கயிறு ஒரு சுருள் வாங்கி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனியின் அந்த அம்மா வைஃபை வழியாகவே கூப்பிட்டார். என் கணவர் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம். அதைவிட நல்ல சேதி ஒண்ணு இருக்கு" என்றார். "அந்த மழையில, லைனே இல்லாம, ஒரு குடத்துல போனைச் சாய்ச்சு வெச்சு வேலையை முடிச்சீங்களே, எங்க எல்லாருக்கும் ஒண்ணு தெளிவாயிடுச்சு. உங்களை மாதிரி ஒருத்தர் ஆபீஸ் வந்து உட்காரணும்கிற அவசியமே இல்ல. நிரந்தர வேலை, ஆனா வீட்டிலிருந்தே பாருங்க. உங்களுக்காகவே பேசி வாங்கியிருக்கேன்."

"நான் அங்க வர்றதுக்குத் தயாராத்தான் இருந்தேனுங்க" என்றேன்.

"தெரியும், தெரியும். குடும்பத்தை விட்டுட்டு வரணும்னு யாருக்குத்தான் இருக்கும்? அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம். ஆபீஸ் இடத்தை இங்கேயே இருக்கிற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்."

வேண்டாம், எனக்கு அந்தக் கஷ்டம்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். என் கணவர் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்று சொல்லி வைத்தேன்.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக அப்படி உட்காருகிறவர் இல்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே" என்றார். "போய்ட்டு வான்னு வாயில சொல்லிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நீயில்லாம இந்த ஊட்ல எப்படி இருக்கப் போறேன்னு நொம்பப் பயந்துட்டேன். நெட்டு போனப்ப, நெசத்தச் சொல்றேன், அப்படியே போயிட்டாத் தேவலன்னு நெனச்சேன். இப்ப உனக்கு வேலையும் ஆச்சு, நீயும் இங்கயே ஆச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன மிகப் பிரியமான வார்த்தைகள் அவைதான். அதற்காக எவ்வளவோ வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

நானும் அழுதேன். அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார். இனிமேல் எந்த வேலையைச் சொல்லியும் நான் இறங்க முடியாது. வேலையைச் சொல்லாமல் இறங்கினால், இந்த மனிதரை விட்டுவிட்டுப் போனவள் ஆவேன். அவர் தடவிக்கொண்டே இருந்தார். "அடுப்புல பால் இருக்குதுங்க" என்று சொல்லி எழுந்து போனேன்.